மதம், தத்துவம், உளப்பகுப்பாய்வு: இயந்திரம் நுழைந்த பிறகு

கேள்வி ஏறக்குறைய இதுதான். நோயாளியைப் பேசவைத்து அவரே அறியாத மனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வு என்ற சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவர் ஃப்ராய்டு, கடவுள் நம்பிக்கை ஒரு மாயை என்று சொல்லிவிட்டுப் போனார். தத்துவம் பார்த்துவந்த வேலையில் பெரும்பங்கை அறிவியல் எடுத்துக்கொண்டது. இப்போது மனக்கவலையைக்கூடப் பலர் கணினியிடம் சொல்லி ஆறுதல் தேடுகிறார்கள். அப்படியானால் மதம், தத்துவம், உளப்பகுப்பாய்வு மூன்றுக்கும் இன்று ஒன்றோடொன்று என்ன உறவு? மூன்றில் எது மிஞ்சும்?

"எது மிஞ்சும்" என்பதிலிருந்தே தொடங்குகிறேன். 1974-ல் ரோமில் நடந்த ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் ஃபிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் ழாக் லக்கான் இந்த விஷயத்தைப் பேச வேண்டிவந்தது. மதம்தான் வெல்லும் என்றார். உளப்பகுப்பாய்வு வெல்லாது, பிழைத்துக் கிடந்தாலே பெரிது என்பது அவர் கணிப்பு. காரணமும் சொன்னார். அறிவியல் வளர வளர மனிதர் வாழ்க்கையில் கலங்கடிக்கும் விஷயங்கள் கூடிக்கொண்டே போகும்; அவை ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு அர்த்தம் கொடுத்தாக வேண்டும்; எதற்கு வேண்டுமானாலும் அர்த்தம் கொடுப்பதில் மதத்துக்கு இருக்கும் பழக்கம் வேறு யாருக்கும் கிடையாது. இதைச் சொன்னவர் பக்தர் அல்ல. (அவருடைய தம்பி ஒரு பெனடிக்டைன் துறவி என்பது வேறு கதை.)

கணிப்பு பெரிதாகத் தப்பவில்லை. 2017-ல் அமெரிக்காவில் ஒரு பொறியாளர் செயற்கை நுண்ணறிவை வழிபடுவதற்கென்றே ஒரு மத அமைப்பைப் பதிவு செய்திருப்பது செய்தியானது. 2019-ல் ஜப்பானின் கியோட்டோ நகரத்து புத்தக் கோயில் ஒன்றில் கருணைத் தெய்வத்தின் வடிவில் ஒரு ரோபோ உபதேசம் செய்யத் தொடங்கியது. இவை கண்ணைப் பறிக்கும் செய்திகள், அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை உண்மையான மாற்றம் இவற்றில் இல்லை. மதமும் தத்துவமும் உளப்பகுப்பாய்வும் காலங்காலமாகச் சண்டை போட்டுவந்த ஒரு பொருள் உண்டு: ஆசை. அந்தப் பொருளின் மேல் இன்று இயந்திரம் கை வைத்திருக்கிறது. மூன்றுக்கும் இடையே உள்ள பழைய உறவு மாறுவது அதனால்தான்.

சரி, ஃப்ராய்டிடம் வருவோம். மதத்தைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. 1907-ல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், கைகழுவிக்கொண்டே இருப்பது போன்ற கட்டாயச் செயல்களுக்கும் மதச் சடங்குகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் காட்டினார். 20 ஆண்டுகள் கழித்து, 1927-ல் வந்த 'ஒரு மாயையின் எதிர்காலம்' நூலில்தான் முழு வாதமும் இருக்கிறது. அதில் மாயை வேறு, பிழை வேறு என்று தெளிவாகப் பிரிக்கிறார். ஒரு நம்பிக்கையைப் பிடித்து நிறுத்துவது ஆதாரமாக இல்லாமல் விருப்பமாக இருந்தால் அது மாயை. அது பின்னால் உண்மையாகக்கூட முடியலாம். இந்தியாவுக்குப் புதிய கடல்வழி கண்டுபிடித்துவிட்டதாக கொலம்பஸ் நம்பியதை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். அந்த நம்பிக்கையில் அவருடைய விருப்பத்தின் பங்கு வெளிப்படையாகத் தெரிகிறது அல்லவா? ஆக, "கடவுள் இல்லை" என்று நிரூபித்ததாக ஃப்ராய்டு அந்த நூலில் எங்கும் சொல்லவில்லை. இயற்கைக்கும் மரணத்துக்கும் முன்னால் கையறு நிலையில் நிற்கும் மனிதன், சிறு வயதில் தன்னைக் காத்த தந்தையை வானத்தின் அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்கிறான் என்பதே வாதம்.

இந்த வாதத்தின் பாதி ஃப்ராய்டுக்கு முந்தியது. மனிதன் தன் குணங்களைத்தான் கடவுள் மேல் ஏற்றிப் பார்க்கிறான் என்று ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக் 1841-லேயே எழுதிவிட்டார். ஃப்ராய்டு சேர்த்தது குழந்தைப் பருவத்தை. அவருடைய வாதத்தின் வலுவும் பலவீனமும் அதில்தான் இருக்கிறது. தந்தை உருவத்தைச் சுற்றி அமைந்த மதங்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. படைத்த கடவுள் ஒருவரை மையமாகக் கொள்ளாத பௌத்தத்துக்கோ, தாய்த் தெய்வ வழிபாட்டுக்கோ அதைப் பொருத்த முயன்றால் துணி போதாமல் போகிறது. எழுத்தாளர் ரொமெய்ன் ரோலண்ட் 1927-ல் அவருக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: மத உணர்வின் ஊற்று கரையற்ற ஏதோ ஒன்றோடு கலந்திருக்கும் கடல் போன்ற உணர்வு, அதை நீங்கள் கவனிக்கவே இல்லை என்று. அந்த உணர்வைத் தன்னுள் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று ஃப்ராய்டு நேர்மையாகவே ஒத்துக்கொண்டார். தாயிடமிருந்து தன்னைப் பிரித்தறியாத கைக்குழந்தைப் பருவத்தின் மிச்சம் அது என்று விளக்கமும் கொடுத்தார். விளக்கம் சாமர்த்தியமானது. ஆனால் தான் உணராத ஒன்றை விளக்கி முடிப்பதில் அவருக்கு இருந்த அவசரமும் அதில் தெரிகிறது.

மதத்தின் பக்கத்திலிருந்து வந்த சிறந்த பதில் என்று எனக்குத் தோன்றுவது ஆஸ்கர் ஃபிஸ்டரின் பதில். சூரிச் நகரத்துப் பாதிரியார். அதே சமயம் உளப்பகுப்பாய்வையும் கற்று, தன் சபை மக்களுக்காக அதைப் பயன்படுத்தியவர். 1909-லிருந்து ஃப்ராய்டின் நெருங்கிய நண்பர். 'ஒரு மாயையின் எதிர்காலம்' வந்த மறு ஆண்டே 'ஒரு எதிர்காலத்தின் மாயை' என்று தலைப்பைத் திருப்பிப் போட்டு மறுப்புக் கட்டுரை எழுதினார். அதன் சாரம் இது: மனிதகுலத்தை அறிவு ஒருநாள் கரை சேர்க்கும் என்று நீங்கள் நம்புகிறீர்களே, அந்த நம்பிக்கைக்கு அடியில் இருப்பது எந்த ஆதாரம்? அதிலும் விருப்பம் கலந்திருக்கிறதே. அறிவைத் "நம்முடைய தெய்வம்" என்று ஃப்ராய்டே அந்த நூலில் எழுதியிருந்ததால் இந்த அடி சரியான இடத்தில் விழுந்தது.

அன்றைவிட இன்று இந்தக் கேள்விக்கு வேலை அதிகம். மூளையை மென்பொருளாக மாற்றி மரணத்தை வெல்லலாம், எல்லாம் அறிந்த ஓர் இயந்திரம் வந்து நோய், வறுமை, போர் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற பேச்சைப் பெரிய முதலீட்டாளர்களே பேசுகிறார்கள். ஃப்ராய்டின் அளவுகோலை அப்படியே எடுத்து இதன்மேல் வைத்துப் பாருங்கள். சாகாமை, எல்லாம் அறிந்த காவலர், வரப்போகும் விடுதலை நாள்: ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பிழையா என்று இப்போது சொல்ல முடியாது. மாயைக்கான அவருடைய வரையறைக்குள் வருகிறது என்று சொல்லலாம். மதத்தை விமர்சிக்கச் செய்த கருவி இன்று மதத்தைவிட இதற்குத்தான் கூடுதலாகப் பயன்படுகிறது என்பது என் கருத்து.

தொழில்நுட்பத்தைப் பற்றி ஃப்ராய்டே நேரடியாக எழுதியும் இருக்கிறார். 1930-ல் வெளியான 'நாகரிகமும் அதன் அதிருப்திகளும்' நூலில், மனிதன் செயற்கை உறுப்புகள் பூட்டிய ஒரு கடவுளாகிவிட்டான் என்கிறார். தொலைநோக்கியும் கப்பலும் தொலைபேசியும் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பிரமாதமாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்த உறுப்புகள் உடம்போடு ஒட்டி வளரவில்லை, அவ்வப்போது தொல்லை கொடுக்கின்றன. இவ்வளவுக்குப் பிறகும் அவன் மகிழ்ச்சியாக இல்லை. வாய்ப் புற்றுநோய்க்காக 1923-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதன்பின் வாழ்நாள் முழுக்கத் தாடையில் ஒரு செயற்கைப் பொருத்தோடு பேசவும் சாப்பிடவும் சிரமப்பட்டவர் எழுதிய வரி இது. அதே நூலில் இன்னொரு இடமும் உண்டு. வெளியூரில் இருக்கும் என் பிள்ளையின் குரலைத் தொலைபேசி காதருகே கொண்டுவந்து தருகிறது, சந்தோஷம்தான். ஆனால் ரயில் என்ற ஒன்று இல்லாதிருந்தால் பிள்ளை ஊரைவிட்டே போயிருக்க மாட்டானே, தொலைபேசியும் தேவைப்பட்டிருக்காதே என்கிறார். ஒரு தொழில்நுட்பம் உண்டாக்கிய குறையை அடுத்த தொழில்நுட்பம் நிரப்புகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் குறைவு.

இங்கே தத்துவம் எங்கே வருகிறது? இரண்டு இடங்களில் வருகிறது, அவை ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இழுக்கின்றன.

முதலாவது, சந்தேகம். மார்க்ஸ், நீட்சே, ஃப்ராய்டு மூவரையும் 'சந்தேகத்தின் ஆசான்கள்' என்று ஃபிரெஞ்சுத் தத்துவவாதி பால் ரிக்கோர் 1965-ல் ஒரே வரிசையில் வைத்தார். நனவில் தெரிவது முழு உண்மை அல்ல, அதன் பின்னால் வேறு ஏதோ வேலை செய்கிறது என்பது மூவருக்கும் பொது. ரிக்கோர் கிறித்தவ நம்பிக்கை உடையவர். ஆனாலும் ஃப்ராய்டை விரட்டியடிக்க முயலவில்லை. போலித் தெய்வங்களை உடைக்க இந்தச் சந்தேகம் தேவைதான், உடைத்து முடித்த பிறகும் குறியீடுகள் நம்மிடம் பேசுகின்றனவா என்று கேட்க வேண்டியிருக்கிறது என்றார். மதவாதிகளில் பெரும்பாலோர் ஃப்ராய்டை மறுப்பதோடும், ஃப்ராய்டியர்களில் பெரும்பாலோர் மதத்தைக் கிண்டல் செய்வதோடும் நின்றுவிட்ட காலத்தில் இவர் இரண்டு பக்கத்தையும் உட்கார்ந்து முழுதாகப் படித்தார். அதனாலேயே அவரைப் படிப்பது கொஞ்சம் கடினம்.

இரண்டாவது, ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகர். தொழில்நுட்பம் பற்றி 1953-ல் மியூனிக்கில் அவர் ஆற்றிய உரை இன்றும் வாசிக்கப்படுகிறது. தொழில்நுட்பத்தை வெறும் கருவிகளின் தொகுப்பாகப் பார்க்கும்வரை அது நமக்குப் பிடிபடாது என்பார். அது உலகத்தைப் பார்க்கும் ஒரு விதம். அந்தப் பார்வையில் எல்லாமே எடுத்துப் பயன்படுத்தக் காத்திருக்கும் இருப்புச் சரக்காகத் தெரிகிறது. ரைன் நதி மின்நிலையத்துக்கு நீரழுத்தம் தரும் பொருளாகிறது. காட்டில் நடக்கும் வனக்காவலர், தெரிந்தோ தெரியாமலோ, காகிதத் தொழிலின் சங்கிலியில் ஒரு கண்ணி. மனிதனும் கடைசியில் 'வளம்' ஆகிவிடுகிறான். 1966-ல் ஒரு ஜெர்மன் வார இதழுக்குக் கொடுத்து, அவர் இறந்த பிறகு 1976-ல் வெளியான பேட்டியில், இனி ஒரு கடவுள்தான் நம்மைக் காப்பாற்ற முடியும் என்றார். இந்த வாக்கியத்தைப் பக்தியாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு, தோல்வியின் ஒப்புதலாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 1933-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்து, பின்னாளிலும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசாத ஒருவர் மீட்பைப் பற்றிப் பேசுவதை நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்கிறேன். ஆனால் 'இருப்புச் சரக்கு' என்ற கருத்தைத் தள்ள முடியாது. நம் கவனமே அளந்து ஏலம் விடப்படும் காலத்தில் அது அவர் காலத்தைவிட உண்மையாக இருக்கிறது.

இதே ஹைடெகர் 1959-லிருந்து பத்தாண்டுகள் போல, மெடார்ட் பாஸ் என்ற மனநல மருத்துவரின் அழைப்பில், சூரிச் அருகே சோலிகானில் மருத்துவர்களுக்கு வகுப்பு எடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. நோயாளியை இயற்பியல் பொருள்போலக் காரண காரியச் சங்கிலியில் வைத்து விளக்குவதுதான் ஃப்ராய்டு செய்த தவறு என்று அங்கே வாதிட்டார். மனத்தை ஆற்றல், அழுத்தம், வடிகால் என்று இயந்திர மொழியில் ஃப்ராய்டு எழுதியது உண்மைதான். பகுப்பாய்வாளர் தன் நனவிலியை (நனவுக்கு எட்டாத மனப்பகுதியை) தொலைபேசியின் கேட்புக்கருவிபோல நோயாளி பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்றுகூட 1912-ல் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த மொழிக்கு அடியில் அவர் கேட்டுக்கொண்டிருந்தது கனவு, நாக்குத் தவறுதல், நகைச்சுவை ஆகியவற்றை. இவை எந்தப் பொறியிலும் நடக்காத விஷயங்கள். ஹைடெகர் கேட்டது ஃப்ராய்டின் மொழியை மட்டும்தான், அவருடைய வேலையைப் பார்க்கவில்லை.

அப்புறம் 17-ஆம் நூற்றாண்டின் ஃபிரெஞ்சுக் கணிதவியலாளர் பாஸ்கல். இந்த விஷயத்தைப் பேசுபவர்கள் அவரை ஏன் அதிகம் இழுப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை. கேள்வியில் உள்ள எல்லாமே அந்த ஒரே ஆளிடம் இருந்தது. வரிக்கணக்குப் பார்த்த தந்தைக்கு உதவியாக 1642-ல் ஒரு கணக்குப் பொறியை வடிவமைக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை. 1654 நவம்பர் 23 இரவு அவருக்கு ஒரு மத அனுபவம் வந்தது. அதைத் தாளில் எழுதி, சட்டையின் உட்துணியில் தைத்து வைத்திருந்தார். இறந்த பிறகுதான் அது கண்டெடுக்கப்பட்டது. கணினியின் முன்னோடி ஒன்றைச் செய்தவரும், தத்துவவாதியும், இறையனுபவம் கண்டவரும் ஒருவரே. அவருடைய குறிப்புகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது: விலங்குகள் செய்யும் எதையும்விடச் சிந்தனைக்கு நெருக்கமான விளைவுகளைக் கணக்குப் பொறி தருகிறது, ஆனால் விலங்குகளுக்கு இருப்பதுபோல் அதற்கும் விருப்பம் உண்டு என்று சொல்லும்படி அது எதையும் செய்வதில்லை.

இயந்திரம் சிந்திக்குமா என்று 1950-ல் கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் கேட்டதிலிருந்து நாம் அந்தக் கேள்வியையே சுற்றி வருகிறோம். சிந்திப்பதை அது செய்தாலும் செய்யும். அதற்கு ஏதாவது வேண்டுமா என்று பார் என்று 300 ஆண்டுகளுக்கு முன்பே பாஸ்கல் கேள்வியை வேறு இடத்தில் வைத்துவிட்டார். அந்த இடம்தான் மூன்று துறைகளும் சந்திக்கும் இடம். புத்தர் துன்பத்தின் காரணம் வேட்கை என்றார். கிறித்தவச் சிந்தனையாளர் அகஸ்டின், உன்னிடம் வந்து சேரும்வரை எங்கள் இதயம் அமைதியற்றது என்று கடவுளை நோக்கி எழுதினார். ஒரு பொருள் நல்லது என்பதால் நாம் அதை விரும்புவதில்லை, விரும்புவதால்தான் நல்லது என்கிறோம் என்று தத்துவவாதி ஸ்பினோசா 17-ஆம் நூற்றாண்டில் தலைகீழாகப் போட்டார். ஃப்ராய்டு இன்னொரு படி போனார்: நமக்கு என்ன வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளாமல் இருக்க நாமே பாடுபடுகிறோம். லக்கான் அதற்கும் மேலே போய், நம் ஆசையே பிறருடைய ஆசையிலிருந்து வந்தது என்றார்.

நான்கைந்து பேர், நான்கைந்து விதமான பதில். ஒருவர் ஆசையை அணைக்கச் சொல்கிறார், ஒருவர் திசை திருப்பச் சொல்கிறார், ஒருவர் புரிந்துகொள்ளச் சொல்கிறார். ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. ஆசைக்கும் அதன் நிறைவேற்றத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும் என்பதில் அவர்களுக்குள் சண்டையே இல்லை. நோன்பு அந்த இடைவெளி. பதில் வராத பிரார்த்தனை அந்த இடைவெளி. கேட்டவருக்குப் பதில் தராமல் இன்னொரு கேள்வி கேட்டு அனுப்பும் சாக்ரடீஸ் செய்ததும் அதுதான். உலகம் நித்தியமா அநித்தியமா என்பது போன்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார் புத்தர். கல்லால மரத்தடியில் வாய் திறக்காமல் உபதேசம் செய்யும் குருவையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். சிகிச்சை அறையில் இதற்கு விதியே உண்டு: நோயாளி பகுப்பாய்வாளரிடம் எதிர்பார்க்கும் அன்பையும் ஆறுதலையும் உடனுக்குடன் கொடுத்துவிடக் கூடாது என்று 1915-ல் ஃப்ராய்டு எழுதினார். கொடுத்துவிட்டால் அவர் உண்மையில் யாரிடம் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது வெளியே வராமலே போய்விடும்.

இந்த இடத்தில் "இதெல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னதுதான்" என்று யாராவது சொல்வார்கள். ஒற்றுமைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேதாந்தம் பேசும் அவித்தையும் ஃப்ராய்டின் நனவிலியும் ஒன்றல்ல. முதலாவது உண்மைச் சொரூபத்தை அறியாமை. இரண்டாவது, அறிந்த ஒன்றை வேண்டாம் என்று உள்ளே தள்ளி வைத்தது. ஒன்றாகக் கலந்தால் இரண்டுமே கெட்டுவிடும். இதை ஒழுங்காகச் செய்ய முயன்றவர் கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸ். 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர். யோகசூத்திரத்தையும் கீதையையும் ஆராய்ந்து எழுதியவர். ஒவ்வொரு ஆசையும் தன் எதிர் ஆசையோடு சேர்ந்தே பிறக்கிறது என்று தனக்கென ஒரு கோட்பாடு வைத்திருந்தார். அதை வைத்து ஃப்ராய்டோடு கடிதத்தில் மல்லுக்கட்டவும் செய்தார். ஃப்ராய்டின் 75-ஆவது பிறந்தநாளையொட்டித் தந்தத்தில் செதுக்கிய ஒரு விஷ்ணு சிலையை 1931-ல் அனுப்பி வைத்தார். மதத்தை மாயை என்று சொன்னவர் அதைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

இப்போது இயந்திரம். பரிந்துரை நிரல்களின் வேலை, நீங்கள் கேட்பதற்கு முன்பே கொடுப்பது. அடுத்த காணொளி, அடுத்த பொருள், அடுத்த பாடல். இதில் எனக்குள்ள கவலை, ஆசை கூடிப்போகிறது என்பதல்ல. அந்தப் பழைய ஒழுக்கப் போதனையை எல்லா மதங்களும் போதுமான அளவு செய்துவிட்டன. ஆசை உருவாவதற்கு நேரமே கிடைக்காமல் போகிறது என்பதுதான் கவலை. 1920-ல் ஃப்ராய்டு தன் பேரனின் விளையாட்டைப் பற்றி எழுதியதை இங்கே நினைக்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தை. அம்மா வெளியே போனால் அழுவதில்லை. நூல் கட்டிய ஒரு மரக்கட்டையைக் கட்டிலுக்கு அப்பால் வீசி 'போச்சு' என்பதுபோல ஓர் ஒலி எழுப்பும். பிறகு நூலை இழுத்து, கட்டை வந்ததும் 'இதோ' என்று குதூகலிக்கும். அம்மா இல்லாத நேரம்தான் அந்த விளையாட்டைப் பிறப்பித்தது, சொல்லையும் பிறப்பித்தது. எப்போதும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும் ஒன்றைச் சுற்றி இப்படி ஒரு விளையாட்டு உண்டாக வழியில்லை.

கணினியிடம் மனம் திறப்பது புதிதும் அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற நிரல் பற்றிய கட்டுரை 1966-ல் வந்தது. நீங்கள் தட்டச்சு செய்வதையே திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும், மனநல ஆலோசகரைப்போல. உள்ளே புரிதல் என்று எதுவும் கிடையாது. ஆனால் அந்த நிரல் உருவாவதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு சில வரிகள் பேசிய பிறகு, கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று அவரைக் கேட்டுக்கொண்டார். உளப்பகுப்பாய்வுப் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர் கென்னத் கோல்பி அதே ஆண்டில், இப்படியான கணினி அமைப்பால் ஒரு மணி நேரத்தில் பல நூறு நோயாளிகளைக் கவனிக்க முடியும் என்று எழுதினார். வைசன்பாம் அதிர்ந்துபோனார். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் குடும்பத்தோடு தப்பி வந்தவர் அவர். மனிதரைக் கையாளப்படும் பொருளாக்குவதை லேசாக எடுத்துக்கொள்ளும் ஆள் அல்ல. எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியைத் தான் செய்ததற்கு எதிராகப் பேசுவதிலேயே செலவிட்டார்.

செயலாளர் ஏமாந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். பகுப்பாய்வு அறையிலும் தினமும் நடப்பது அதுதான். எதிரே இருப்பவருக்கு என்னைப் பற்றி ஏதோ தெரியும் என்று நான் கருதிக்கொள்கிறேன். அந்தக் கருதல்தான் என்னைப் பேசவைக்கிறது. அவருக்கு உண்மையில் தெரியுமா என்பது இரண்டாம் பட்சம். அந்த நாற்காலியில் முன்பு கடவுள் இருந்தார், பிறகு பாவ மன்னிப்புக் கூண்டில் பாதிரியார் இருந்தார். 1215-ல் கூடிய நான்காம் லாட்டரன் சங்கம், ஒவ்வொரு கத்தோலிக்கரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று விதித்தது. மேற்கில் தன்னைப் பற்றிப் பேசுவது ஒரு கடமையானதை அங்கிருந்து தொடங்கி உளப்பகுப்பாய்வு வரை ஒரே கோடாக 1976-ல் ஃபிரெஞ்சுத் தத்துவவாதி ஃபூக்கோ வரைந்து காட்டினார். அந்தக் கோட்டை இன்றைய உரையாடல் நிரல்கள் வரை நீட்ட எந்தச் சிரமமும் இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பகுப்பாய்வு நன்றாக நடந்தால், எதிரே இருப்பவர் எல்லாம் அறிந்தவர் என்ற கருதல் மெல்ல மெல்லக் கரைய வேண்டும். அதுதான் முடிவு. இவருக்கும் தெரியாது, இது என் ஆசை, என் பொறுப்பு என்று எழுந்து போக வேண்டும். சந்தாவில் ஓடும் ஒரு பொருளுக்கு அப்படி ஒரு முடிவை நோக்கி உங்களை அழைத்துச் செல்ல எந்தக் காரணமும் இல்லை. நிரல் கெட்டது என்பதால் அல்ல. பாஸ்கல் சொன்னதுபோல் அதற்கு எதுவும் வேண்டாம். வேண்டும் என்று இருப்பது அதை விற்பவருக்கு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் பேச ஒருவரும் இல்லாதவரிடம் போய் இடைவெளியின் மகத்துவத்தைப் பேசுவது கொடுமை. அவருக்கு அந்த நேரத்தில் ஒரு பதில் வருவது ஆறுதல் என்றால், அதைப் பறிக்கச் சொல்லும் தகுதி உளப்பகுப்பாய்வுக்கு இல்லை. வாரத்துக்கு நான்கைந்து முறை, வருடக்கணக்கில், கையில் பணமும் நேரமும் உள்ளவர்களுக்காகவே நடந்துவந்த ஒரு சிகிச்சை அது. தத்துவமும் பெரும்பாலும் பல்கலைக்கழகச் சுவருக்குள்ளேயே இருந்துவிட்டது. கூப்பிட்ட நேரத்துக்கு வந்து உட்கார்ந்தது, பல இடங்களில், மதம் மட்டும்தான். லக்கானின் கணிப்புக்கு இந்தச் சாதாரணக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உளப்பகுப்பாய்வு மதத்தை வெளியிலிருந்து பார்த்ததாகவும் நினைக்க வேண்டாம். தன்னைச் சுற்றி இருந்த இரகசியக் குழுவினருக்கு ஃப்ராய்டு மோதிரம் கொடுத்தார். அவருடைய ஆரம்பகாலக் கூட்டாளிகளான யுங்கும் ஆட்லரும் பிரிந்து போனபோது அவர்கள் நடத்தப்பட்ட விதத்தில் மதத் துரோகம் பேசும் தொனி இருந்தது. 1963-ல் சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் முடிவால் பயிற்சியளிப்போர் பட்டியலிலிருந்து தன் பெயர் போனபோது, லக்கான் அதை 1656-ல் ஸ்பினோசா யூத சமூகத்திலிருந்து விலக்கப்பட்டதோடு ஒப்பிட்டார். கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

மதத்தின்பால் ஃப்ராய்டைவிடத் தாராளமாக இருந்த உளப்பகுப்பாய்வாளர் என்றால் நான் யுங்கைவிட வின்னிகாட்டைச் சொல்வேன். யுங்கின் கருத்துகள் இன்று சுயமுன்னேற்றப் பேச்சாகக் கரைந்துபோவது சுலபமாக இருக்கிறது. வின்னிகாட் குழந்தைநல மருத்துவர். குழந்தை விடாமல் கட்டிக்கொண்டு திரியும் துணியையோ பொம்மையையோ வைத்து 1951-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். அது உள்ளே கற்பனை செய்ததா, வெளியே கிடைத்ததா என்று குழந்தையிடம் யாரும் கேட்பதில்லை; கேட்கவும் கூடாது. அந்த நடுப்பகுதியில்தான் பின்னாளில் கலையும் மதமும் குடியேறுகின்றன என்றார். ஃப்ராய்டுக்கு வசையாக இருந்த மாயை என்ற சொல் இவரிடம் வாழத் தேவையான ஒன்றாகிறது. கைப்பேசியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அப்படித்தானே என்று சிலர் கேட்பார்கள். ஒரு வகையில் ஆமாம். ஆனால் குழந்தையின் கந்தல் துணி குழந்தை தருவதை மட்டுமே திருப்பித் தரும். அது குழந்தையைக் கவனித்து, கணக்கு வைத்து, நாளைக்கு எதை ஆசைப்பட வேண்டும் என்று திட்டம் போடுவதில்லை.

ஆக மூன்றுக்கும் இன்றுள்ள உறவு, வாரிசுரிமைக்குச் சண்டை போட்டுவந்தவர்கள், ஆசை என்ற அந்தச் சொத்தே கைமாறிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது வரும் உறவு. ஒன்றாகிவிட வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றாகவும் முடியாது. கடவுள் உண்டா என்பதில் ஃபிஸ்டரும் ஃப்ராய்டும் ஒருபோதும் ஒத்துப்போகவில்லை, அது அவர்கள் வேலையைத் தடுக்கவும் இல்லை. உளப்பகுப்பாய்வை மருத்துவர்களிடமிருந்தும் பாதிரியார்களிடமிருந்தும் காப்பாற்ற நினைப்பதாக, இரண்டுமல்லாத ஒரு புதிய தொழில் அமைய வேண்டும் என்று விரும்புவதாக 1928-ல் ஃப்ராய்டு எழுதியதுகூட இந்தப் பாதிரியாருக்குத்தான்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று கேட்டால், கோட்பாட்டு நூல்களை விட்டுவிட்டு, 1963-ல் வெளியான இவர்கள் இருவரின் கடிதத் தொகுப்பைச் சொல்வேன். ஏறத்தாழ 30 ஆண்டுக் கடிதங்கள். 1918 அக்டோபரில் எழுதிய கடிதத்தில் ஃப்ராய்டு கேட்கிறார்: இத்தனை பக்தர்களில் ஒருவர்கூட உளப்பகுப்பாய்வைக் கண்டுபிடிக்காமல், கடவுளே இல்லை என்னும் ஒரு யூதன் வரும்வரை அது ஏன் காத்திருந்தது? ஃபிஸ்டரின் பதில், நீங்கள் கடவுளற்றவரே அல்ல, உங்களைவிட நல்ல கிறித்தவர் கிடையாது என்பது. ஃப்ராய்டு அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை அடுத்தடுத்த கடிதங்களின் தொனியில் நீங்களே பாருங்கள்.